கஞ்சி ஊற்றிய பயோகேஸ் தொட்டி

கேள்வி: வீட்டுப் பின்வளவில் பயோகேஸ் தொட்டி வைத்திருக்கிறோம். மாட்டுச் சாணம்தான் போடுவோம். நோன்பு மாதத்தில் மிஞ்சிய கஞ்சியையும் ஊற்றினோம். இப்போது வாயு நிறைய வருகிறது, ஆனால் அடுப்பு பற்றுவதில்லை. உள்ளே நுண்ணுயிர்கள் செத்துவிட்டனவா? அளந்து பார்க்க முடியுமா?
– வாசகர், சாய்ந்தமருது

பதில்: முற்றாகச் செத்திருக்காது. தொட்டிக்குள் ஒரு கூட்டம் மாப்பொருளை உடைத்து அமிலமும் காபனீரொட்சைட்டும் ஆக்குகிறது. இன்னொரு கூட்டம் அந்த அமிலத்தை மீதேனாக்குகிறது. முதற்கூட்டம் மணிக்கணக்கில் பெருகும், மற்றதற்கு நாட்கள் வேண்டும். ஏக்கலயிலுள்ள நேர்ட் பொறியியல் ஆய்வு நிலையத்தார் வைக்கோலை ஒரேயடியாக நிரப்பி மாதக்கணக்கில் வாயு எடுக்கும் தொட்டியை அமைத்தார்கள். வைக்கோல் மெதுவாக உடைவதால் அது சாத்தியமாயிற்று. வெந்த கஞ்சி அப்படியல்ல, உடனே புளித்துவிடும். பி.எச். 6.5க்குக் கீழே இறங்கினால் மீதேன் கூட்டம் முடங்கும். உங்கள் வாயுவில் பெரும்பகுதி காபனீரொட்சைட்டாகவே இருக்கும்.

நுண்நோக்கியில் எண்ணிப் பயனில்லை. உயிரோடிருப்பதெல்லாம் வேலை செய்வதில்லை. அவற்றுக்கு உணவு கொடுத்து, மீதேன் எவ்வளவு வேகமாக வருகிறது என்று பார்ப்பதே சரியான அளவை. ஆய்வுகூடங்களும் இதைத்தான் செய்கின்றன.

ஒரே அளவான இரண்டு போத்தல்களில் அரை லீட்டர் வீதம் தொட்டிக் கரைசலை எடுத்து, நிழலில் இரண்டு நாள் வையுங்கள். ஒன்றில் மட்டும், 4 சதவீத வினாகிரி 15 மில்லிலீட்டரை அப்பச்சோடாவுடன் நுரை அடங்கும்வரை கலந்து ஊற்றுங்கள். மற்றதில் எதுவும் சேர்க்க வேண்டாம். ஒவ்வொன்றின் வாயுவையும் குழாய்வழியே, கோஸ்டிக் சோடாக் கரைசல் நிரப்பிக் கவிழ்த்த போத்தலுக்குள் விடுங்கள். காபனீரொட்சைட்டு கரைந்துவிடும், வெளியேறும் கரைசலின் அளவே மீதேன். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், நெருப்பு அருகில் கூடாது.

அந்த வினாகிரியில் 0.6 கிராம் அசற்றிக் அமிலம் இருக்கிறது. முழுவதும் மாறினால் நமது வெப்பநிலையில் ஏறத்தாழ கால் லீட்டர் மீதேன் கிடைக்கும். இரண்டு போத்தல்களுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தினமும் குறியுங்கள். சில நாட்களில் அந்த அளவை நெருங்கினால் மீதேன் கூட்டம் தெம்பாக இருக்கிறது. தீனியை நிறுத்தினாலே தொட்டி தேறிவிடும். ஒரு வாரமாகியும் பாதிகூட வராவிட்டால், நன்றாக எரியும் வேறொரு தொட்டியின் கரைசலைக் கொண்டுவந்து ஊற்றுங்கள்.

சுடர் நீலமான பிறகு சாணத்தை மட்டும் சிறிது சிறிதாகத் தொடங்குங்கள். மீன் கழிவைப் போட எண்ணினால் இன்னும் பொறுங்கள்: அதன் புரதம் அமோனியாவாக மாறும், அது மிகுந்தாலும் இதே கூட்டம்தான் முதலில் அடிபடும்.