கேட்டைத் தடுக்க உடைமையைச் சிதைக்கலாமா?



பழவங்காடிக்கு மேற்கே சில கல் தொலைவில் வலியதுறைக் கடற்கரை உள்ளது. அங்கே கடல் கரையை அரித்து வீடுகளை விழுங்கிற்று. வீடிழந்த மீனவக் குடும்பங்கள் சிமெண்டுக் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் ஒண்டியிருந்தன. தெற்கே விழிஞ்ஞத்தில் எழுந்த துறைமுகக் கட்டுமானமே இதற்குக் காரணம் என்பது அவர்தம் வாதம். அரசும் துறைமுகத்தாரும் அதனை மறுத்தனர். 2022 ஆகஸ்டு 16-இல் துறைமுக வாயிலில் போராட்டம் தொடங்கிற்று. நவம்பர் 27 இரவு, கைதானோரை விடுவிக்கக் கோரித் திரண்ட கூட்டம் விழிஞ்ஞம் காவல் நிலையத்தைத் தாக்கிற்று, ஊர்திகள் நொறுங்கின, காவலர் பலர் காயமுற்றனர்.

இயற்கையைக் காக்க எழுந்தோர் உடைமையைச் சிதைத்தால் சட்டம் அதனை ஏற்குமா? இதுவே இன்றைய பாடம்.

சட்டம் விலக்களிக்கும் இடம் ஒன்றுண்டு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 81-ஆம் பிரிவும், 2024 ஜூலை 1 முதல் அதனிடத்தில் நிற்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 19-ஆம் பிரிவும் கூறுவது யாதெனின்: குற்றக் கருத்தின்றி, நல்லெண்ணத்தோடு, உயிருக்கோ உடைமைக்கோ நேரவிருக்கும் வேறொரு தீங்கைத் தடுக்கச் செய்த செயல் குற்றமன்று. ஆயினும் அத்தீங்கு எத்தகையது, எவ்வளவு அண்மையில் நின்றது என்பதை நீதிமன்றம் எடைபோடும். பெருந்தீ பரவாதிருக்க வீடுகளை இடிப்பவனைச் சட்டமே எடுத்துக்காட்டாக வைக்கிறது. ஆலைத் தொழிலாளர் இதனை எளிதில் உணர்வர்: பஞ்சுக் கிடங்கில் தீப்பிடித்தபோது பூட்டை உடைத்துப் பொதிகளை வெளியே இழுப்பவனை யாரும் திருடன் என்னார்.

இதில் மூன்று கூறுகள் உள. தீ கண்முன் எரிகிறது. வேறு வழிக்கு நேரமில்லை. உடைத்த செயலே கேட்டைத் தடுக்கிறது. இம்மூன்றையும் விழிஞ்ஞத்துக்குப் பொருத்திப் பாருங்கள். கடலரிப்பு ஆண்டுக்கணக்கில் நிகழ்வது. முறையிட நீதிமன்றம் இருந்தது. காவல் நிலையம் நொறுங்கியதால் கடல் ஓரடியும் பின்வாங்கவில்லை.

இங்கிலாந்தில் கிங்ஸ்நார்த் மின்நிலையப் புகைபோக்கியில் எழுதிய வழக்கில் அறுவரை 2008-இல் ஜூரிகள் விடுவித்தது உண்மையே. காலநிலைக் கேட்டினின்று பிற உடைமைகளைக் காக்கவே செய்தோம் என்றனர் அவர்கள். ஆனால் அந்நாட்டிலும் இவ்வழி பின்னர் குறுகிற்று. நம் நாட்டிலோ ஜூரி முறையே இன்றில்லை.

மறுபுறம் தண்டனையையும் அறிதல் வேண்டும். 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி பொதுச்சொத்தைச் சேதப்படுத்தினால் ஐந்தாண்டு வரை சிறை. தீயிட்டு அழித்தால் பத்தாண்டு வரை. நட்டத்தை உடைத்தவர் மட்டுமன்றி, போராட்டத்தைக் கூட்டியவரும் ஏற்க வேண்டும் என 2009-இல் உச்ச நீதிமன்றம் நெறி வகுத்தது. வீடிழந்த ஏழையின் தலையில் மேலும் ஒரு கடன்!

செயலின் வேர் சேதனை என்பது தம்மம். நோக்கம் வேறு, சேதனை வேறு. கரையைக் காப்பது நோக்கமாயினும், கல்லெறியும் கணத்தில் உள்ளத்தில் நிற்பது சினமே. அச்சினத்தின் பயன் யாது? அவ்விரவுக்குப் பின் நாடு பேசியது காவல் நிலையத்தைப் பற்றி. கிடங்கிலிருந்த குழந்தைகளைப் பற்றியன்று.

டிசம்பர் 6-இல் பேச்சுவார்த்தையால் போராட்டம் முடிவுற்றது. வீடிழந்தோர்க்கு மாத வாடகை 5,500 ரூபாய் என்பது அரசின் உறுதி. முழு நீதி அதுவன்று. கரையும் வீடும் இன்னும் கேட்கப்பட வேண்டியவை. ஆதலின் எந்த நாள் எவ்வளவு கரை போயிற்று, எவர் வீடு விழுந்தது எனக் குறித்து வையுங்கள். கூடிச் சென்று கேளுங்கள். உடைந்த கண்ணாடி நமக்கு எதிரான சான்று. எழுதி வைத்த கணக்கோ நமக்குரிய சான்று.