கீரையில் வெள்ளைப் புள்ளி

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் தண்டுக்கீரை போட்டிருக்கிறேன். இலைக்கு அடியில் சுண்ணாம்பு தெறித்ததுபோல் புள்ளிகள். மருந்து அடிக்கலாமா?
– வாசகி, பெம்பான், மலாக்கா

பதில்: இது வெள்ளைத் துரு நோய். இலையில் ஈரம் தங்கினால் பரவும். நம் ஊர்ச் சாயங்கால மழை போதாதா? புள்ளி விழுந்த இலைகளைக் கிள்ளி, பாத்திக்கு வெளியே தள்ளிப் புதைத்துவிடுங்கள். நெருக்கமாக நிற்கும் செடிகளைக் கலைத்துக் காற்றுக்கு வழிவிடுங்கள். கலைத்ததில் நல்லதைக் கடைந்து சாப்பிடலாம். காலையில், வேரடியில் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள்.

அடுத்த முறை இடத்தை மாற்றி, பாத்தியை உயர்த்தி, விதையை மணலோடு கலந்து தூவுங்கள். 25–30 நாளில் வேரோடு பிடுங்கிவிடுங்கள். இத்தனை சீக்கிரம் சட்டிக்குப் போகிற கீரைக்கு மருந்து வேண்டாம், அம்மா.