உள்ளே ஒளியும் கார் சின்னம்: காப்புரிமை கிடைக்குமா?

சென்ற மாதம் எங்கள் பள்ளி அறிவியல் கழகக் கூட்டத்துக்குப் படிவம் 4 மாணவி ஒருத்தி காலணிப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மூடியில் ஒரு துளை. துளைக்கு மேலே போத்தல் மூடியில் செய்த சின்னம் ஒன்று நின்றது. அதை விரலால் பக்கவாட்டில் தட்டினாள். 'டக்'கென்று பெட்டிக்குள் மறைந்துவிட்டது. அவளுடைய அப்பாவின் பழைய காரில், பானெட் மேல் நிற்கும் சின்னத்தை யாரோ இரண்டு முறை ஒடித்துக்கொண்டு போய்விட்டார்களாம்.

"கை வைத்தால் உள்ளே போய்விட வேண்டும், டீச்சர். இதற்குப் பேட்டன் கிடைக்குமா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. புத்தாக்கப் போட்டிகளுக்குப் பொருள் செய்யும் உங்களில் பலருக்கும் இதே கேள்வி இருக்கும் என்பதால், அன்று நாங்கள் பேசியதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் இயற்பியல். சின்னம் உள்ளே போவது திருடனுக்குப் பயந்து மட்டுமல்ல. கார் ஒரு மனிதர்மீது மோதும்போது, பானெட் மேல் நிமிர்ந்து நிற்கும் உலோகத் துண்டு கத்தியைப் போல் குத்தும். அதனால் ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் வாகன விதிகளில் 26ஆம் எண் விதி இப்படிச் சொல்கிறது: காரின் வெளிப்புறத்தில் பொருத்திய அலங்காரம் 10 மில்லிமீட்டருக்கு மேல் துருத்திக்கொண்டிருந்தால், அதன் நுனியில் 100 நியூட்டன் விசை பட்டவுடன் அது உள்ளே போக வேண்டும், அல்லது கழன்று விழ வேண்டும், அல்லது மடங்க வேண்டும். 100 நியூட்டன் என்பது ஏறக்குறைய 10 கிலோ அரிசி மூட்டையின் எடை.

அந்த விசை எந்தத் திசையில் வரும் என்பதில்தான் சிக்கல். மேலிருந்து கீழே அல்ல. சின்னம் நிற்கும் பரப்புக்கு ஏறக்குறைய இணையாக, பக்கவாட்டில் வரும். பேனாவின் பொத்தானை அமுக்குவதுபோல் சின்னத்தைக் கீழே அமுக்க அங்கே யாரும் இல்லை. பக்கவாட்டுத் தள்ளலைக் கீழ்நோக்கிய அசைவாக மாற்றுவது எப்படி?

எலிப்பொறியை நினைத்துப் பாருங்கள். எலி தொடுவது சிறு விசை. கம்பியை அடிக்க வைப்பது எலியின் பலமன்று, முன்கூட்டியே இழுத்து வைத்த விற்சுருளின் ஆற்றல். மாணவியின் பெட்டிக்குள் இருந்ததும் அதுதான். விற்சுருள் ஒன்று சின்னத்தை எந்நேரமும் கீழே இழுத்துக்கொண்டே இருந்தது. ஒரு சிறு கொக்கி அதைத் தடுத்து நிறுத்தியது. பக்கவாட்டில் தட்டினால் கொக்கி நழுவும். மீதியை விற்சுருள் பார்த்துக்கொள்ளும்.

படிவம் 5 மாணவர்கள் ஹூக்கின் விதியை இங்கே போட்டுப் பார்க்கலாம். விற்சுருள் மாறிலி மீட்டருக்கு 2000 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். 5 சென்டிமீட்டர் இழுத்தால் விசை 2000 × 0.05 = 100 நியூட்டன். சேமித்த ஆற்றல் ½ × 2000 × 0.05 × 0.05 = 2.5 ஜூல். அரை லிட்டர் தண்ணீர்ப் போத்தலை அரை மீட்டர் தூக்கவும் ஏறக்குறைய இவ்வளவுதான் வேண்டும். பெரிய ஆற்றல் இல்லை. ஆனாலும் கையளவுச் சின்னம் ஒன்றைக் கண் இமைப்பதற்குள் உள்ளே இழுத்துவிடும்.

சரி, பொருள் வேலை செய்கிறது. ஆனால் வேலை செய்வது வேறு, புதியதாக இருப்பது வேறு.

ஜொகூர்பாருவில் வார இறுதியில் சுற்றியிருந்தால், சிங்கப்பூர் எண் பலகையோடு ரோல்ஸ்-ராய்ஸ் கார் ஒன்றை எப்போதாவது பார்த்திருப்பீர்கள். அதன் முகப்பில் ஆடை காற்றில் விரிய முன்னோக்கிச் சாய்ந்து நிற்கும் பெண் சிலைக்கு 'ஸ்பிரிட் ஆஃப் எக்ஸ்டசி' என்று பெயர். சார்ல்ஸ் சைக்ஸ் என்ற சிற்பி வடித்தது. 1911 முதல் இருக்கிறது. 1980இல் வெளிவந்த சில்வர் ஸ்பிரிட் காரில், இந்தச் சிலை மோதல் பட்டால் விற்சுருளின் உதவியோடு உள்ளே இறங்கிவிடும். 2003இல் வந்த பேண்டம் காரில் ஒரு பொத்தானை அழுத்தியும் அதை இறக்கலாம். விதி சொன்ன மூன்று வழிகளில் இது முதல் வழி. மெர்சிடிஸ் காரின் பானெட் மேல் நிற்கும் நட்சத்திரம் மூன்றாம் வழியைப் பிடித்துக்கொண்டது. தள்ளினால் மடங்கும், விட்டால் நிமிரும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அந்தப் பெண் சிலையின் உருவத்துக்குக் காப்புரிமை கிடையாது. உருவத்தையும் தோற்றத்தையும் காப்பது வணிகச் சின்னப் பதிவு, தொழில்துறை வடிவமைப்புப் பதிவு போன்றவை. காப்புரிமை கேட்பது ஒன்றை மட்டும்: அது எப்படி இயங்குகிறது? சிலை அழகாக இருந்தாலும் அசிங்கமாக இருந்தாலும் பரிசோதகருக்குக் கவலையில்லை.

மலேசியாவில் இந்தப் பரிசோதகர்கள் மைஐபிஓ என்று நாம் சொல்லும் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் இருக்கிறார்கள். அவர்கள் கையில் உள்ள சட்டம் 1983ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம். 1986 அக்டோபர் 1இல் நடப்புக்கு வந்தது. அதற்கு முன்பு நம் நாட்டவர் பிரிட்டனில் காப்புரிமை வாங்கி, அதை இங்கே கொண்டுவந்து மறுபதிவு செய்ய வேண்டியிருந்தது! சட்டத்தின் 11ஆம் பிரிவு மூன்று கேள்விகளை வைக்கிறது. புதியதா? அதில் புத்தாக்கப் படி உண்டா? தொழில்துறையில் பயன்படுமா? மூன்றாவது கேள்வியில் நம் பெட்டி சுலபமாகத் தேறிவிடும். முதல் இரண்டும்தான் மண்டையை உடைக்கும்.

பரிசோதகர் பெட்டியைப் பார்ப்பதில்லை. எழுத்தைப் பார்க்கிறார். விண்ணப்பத்தில் 'உரிமைக்கோரல்' என்ற பகுதி உண்டு. எனக்குச் சொந்தம் எதுவரை என்று வேலி போடும் வாக்கியம் அது. மாணவியை அன்றே எழுதச் சொன்னேன். அவள் எழுதியது இது:

"வாகனத்தின் முன்பகுதியில் ஒரு துளையும், அதன் வழியே ஏறி இறங்கும் சின்னமும், சின்னம் தள்ளப்படும்போது அதை உள்ளே நகர்த்தும் விற்சுருளும் கொண்ட அமைப்பு."

இனி நான் பரிசோதகர். வாக்கியத்தைத் துண்டு துண்டாக வெட்டினேன். துளை, ஏறி இறங்கும் சின்னம், உள்ளே நகர்த்தும் விற்சுருள். 1980ஆம் ஆண்டுக் காரைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகச் சரி போட்டேன். உண்டு, உண்டு, உண்டு. உரிமைக்கோரலின் எல்லாத் துண்டுகளும் முன்பே அறியப்பட்ட ஒரே பொருளில் இருந்தால் அது புதியதன்று. கதை முடிந்தது.

"ஆனால் அது ரேடியேட்டர் மேல் இருக்கிறது, என்னுடையது பானெட் மேல்!" என்றாள். நல்ல வாதம்தான். ஆனால் அவள் எழுதியது 'வாகனத்தின் முன்பகுதி'. இரண்டும் அதற்குள் அடங்கிவிடும். குக்கூப் மீனவர்கள் வீசும் வலையைப் போல்தான் உரிமைக்கோரலும். அகலமாக வீசினால் நிறையப் பிடிபடும். நேற்றே வேறொருவர் பிடித்துவைத்த மீனும் சேர்ந்து மாட்டும். சொற்களைக் குறுக்கினால் பழையவை விலகும், சொந்தமாகும் பரப்பும் சுருங்கும்.

அவள் குறுக்கினாள். கொக்கியைச் சேர்த்தாள். சின்னம் இறங்கியதும் துளையை மூடும் சிறு கதவையும் சேர்த்தாள். இப்போது எல்லாத் துண்டுகளும் ஒரே பொருளில் இருக்கின்றனவா என்று தேட வேண்டும். இல்லை என்றே வைத்துக்கொள்வோம், அப்படியானால் புதியது. ஆனால் இரண்டாம் கேள்வி காத்திருக்கிறது. 15ஆம் பிரிவின்படி, அந்தத் துறையில் சாதாரணத் திறன் உள்ள ஒருவருக்கு இது வெளிப்படையாகத் தோன்றியிருக்குமா?

அந்தச் 'சாதாரணத் திறன் உள்ளவர்' ஒரு வேடிக்கையான கற்பனை மனிதர். கார்ப் பாகங்களைப் பற்றி உலகில் வெளியான எல்லாமே அவருக்குத் தெரியும், ஆனால் துளிக் கற்பனை கிடையாது. அவர் முன்னால் பழைய காரை வையுங்கள். பக்கத்தில் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் காரின் பின்புறச் சின்னத்தை வையுங்கள். சில மாடல்களில் அந்தச் சின்னமே பூட் கதவின் கைப்பிடி. பின்னோக்கி ஓட்டும்போது சின்னம் மூடிபோல் திறந்து, அடியிலிருந்து கேமரா எட்டிப் பார்க்கும். சின்னம் இருக்கும் இடத்தில் திறந்து மூடும் கதவு ஏற்கெனவே உண்டு. கொக்கி எலிப்பொறியிலேயே உண்டு. இவற்றைச் சேர்க்க அந்தக் கற்பனை மனிதருக்கு அதிக நேரம் ஆகாது என்று பரிசோதகர் எழுதிவிடுவார்.

ஒன்றை மட்டும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். விடையைப் பார்த்த பிறகு எல்லாக் கணக்கும் சுலபம்தான். அதனால் பரிசோதகர் இன்றைய கண்ணால் பார்க்கக் கூடாது. விண்ணப்பம் கொடுக்கப்பட்ட நாளுக்குப் பின்னோக்கிப் போய் நின்று யோசிக்க வேண்டும். அவருடைய வேலையில் கடினமானது இதுதான் என்பது என் எண்ணம்.

முன்பே அறியப்பட்டது என்றால் புத்தகத்திலோ இன்னொரு காப்புரிமையிலோ இருக்க வேண்டும் என்பதில்லை. இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு வழக்கைத் தீர்த்தது. நின்றுகொண்டே பாய் பிடித்து ஓட்டும் அலைப்பலகைக்குக் காப்புரிமை வைத்திருந்த நிறுவனம், தன் பொருளைப் பார்த்துச் செய்துவிட்டார்கள் என்று இன்னொரு நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கு. எதிர்த்தரப்பு என்ன கொண்டுவந்தது தெரியுமா? 1958இல் ஹேலிங் தீவுப் பக்கம் பீட்டர் சில்வர்ஸ் என்ற 12 வயதுச் சிறுவன் தானே ஒரு பலகைக்குப் பாய் கட்டி விளையாடியிருக்கிறான். பார்க்க விரும்பிய எவரும் பார்த்திருக்கலாம். அவனுடைய பாய்க்கட்டை நேரானது, காப்புரிமையில் இருந்தது வளைந்தது. அந்த வேறுபாடு போதாது என்று சொல்லி நீதிமன்றம் காப்புரிமையைச் செல்லாததாக்கியது. உங்களைவிடச் சின்னப் பையன் ஒருவனின் விளையாட்டு!

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் மாணவி மெதுவாகக் கேட்டாள். "டீச்சர், நான் போன வாரம் டிக்டாக்கில் காணொளி போட்டுவிட்டேன். பரவாயில்லையா?"

எனக்குத் திக்கென்றது. சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, விண்ணப்பத்துக்கு முன்பு உலகின் எந்த மூலையிலும், எழுத்தாகவோ பேச்சாகவோ பயன்பாட்டாகவோ மக்களுக்குத் தெரிந்துவிட்ட எதுவும் 'முன்பே அறியப்பட்டது'தான். உங்கள் காணொளியே உங்களுக்கு எதிரான சாட்சி. ஆனால் நம் சட்டம் கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது. வெளியிட்டவர் விண்ணப்பதாரரே என்றால், வெளியிட்ட நாளிலிருந்து ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் அந்த வெளியீட்டைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். ஐரோப்பியக் காப்புரிமையில் இப்படிப்பட்ட பொதுவான சலுகை இல்லை. ஆகவே அவளுக்கு ஐரோப்பிய வாசல் மூடிவிட்டது என்றே சொல்லலாம். மலேசிய வாசல் இன்னும் ஐம்பத்தொரு வாரம் திறந்திருக்கும். அதுவரை சும்மா இருக்கவும் முடியாது. இருவர் தனித்தனியே ஒன்றையே கண்டுபிடித்தால், முதலில் நினைத்தவருக்கு அல்ல, முதலில் விண்ணப்பித்தவருக்கே உரிமை.

போட்டிக்குப் போகும் எல்லாருக்கும் இது பொருந்தும். கண்காட்சி மேசையில் வைத்து வருவோர் போவோருக்கெல்லாம் விளக்கம் சொல்வதும் வெளியீடுதான். விண்ணப்பித்துவிட்டுக் காட்டுங்கள்.

இரண்டாம் கேள்வியில் சறுக்குபவர்களுக்கு நம் நாட்டில் இன்னொரு கதவு உண்டு. 'இனோவாசி உத்திலிட்டி' என்று மலாயில் சொல்வார்கள். தெரிந்த பொருளில் செய்த புதிய மேம்பாடாக இருந்தால் போதும். புத்தாக்கப் படி தேவையில்லை. ஆனால் புதியதாக இருந்தே ஆக வேண்டும், உரிமைக்கோரல் ஒன்றே ஒன்றுதான் எழுதலாம். காப்புரிமைக்கு ஆயுள் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. இதற்கு 10 ஆண்டு. பொருள் பயன்பாட்டில் இருப்பதைக் காட்டி ஐந்தைந்து ஆண்டாக இரு முறை நீட்டலாம்.

எதற்கு விண்ணப்பித்தாலும் முதல் வேலை தேடல். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பாசெநெட் தளம் இலவசம். பத்துக் கோடிக்கும் மேற்பட்ட ஆவணங்கள் உண்டு. வெறும் சொல்லைப் போட்டுத் தேடினால் மூழ்கிவிடுவீர்கள். ஒருவர் 'சின்னம்' என்பார், இன்னொருவர் 'அலங்காரம்' என்பார், மூன்றாமவர் 'பெயர்ப்பலகை' என்பார். அதனால் பரிசோதகர்கள் வகைப்பாட்டு எண்ணைப் பிடிக்கிறார்கள். நூலகத்தில் அலமாரி எண் போல. கார் சின்னங்களும் அவற்றைப் பொருத்தும் வழிகளும் இருக்கும் அலமாரி: பி60ஆர் 13/005. முதல் எழுத்து போக்குவரத்து உள்ள பெரும் பிரிவு, 60 வாகனங்கள், அடுத்த எழுத்து வேறெங்கும் சேராத வாகனப் பாகங்கள். இந்த எண்ணைத் தளத்தில் ஆங்கில எழுத்துகளில் கொடுத்து, படங்களை மட்டும் புரட்டிப் பாருங்கள். மொழி தெரியாத ஜப்பானிய ஆவணத்தில்கூட விற்சுருள் விற்சுருளாகத்தான் இருக்கும்.

அன்று கூட்டம் கலையும் நேரத்தில், பின் வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருந்த ஒரு பையன் கேட்டான்: "மழை பெய்தால் துளைக்குள் தண்ணீர் போகாதா?" நாங்கள் யாரும் அதை யோசிக்கவில்லை. டிசம்பர் மாத ஜொகூர் மழையில் அந்தப் பெட்டி கிணறாகிவிடும். விற்சுருள் துருப்பிடிக்கும், கொக்கி இறுகும், 100 நியூட்டனுக்கு அசையாது. பெட்டியைக் கழுவுதொட்டிக்குக் கொண்டுபோய்க் குழாயைத் திறந்தோம். அரை நிமிடத்தில் உள்ளே விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர்.

மறு வாரம் அவளும் அந்தப் பையனும் சேர்ந்து ஒரு வரைபடத்தோடு வந்தார்கள். சின்னத் தண்டின் அடியில் ஒரு ரப்பர் வளையம். சின்னம் மேலே நிற்கும்போது வளையம் துளையை அடியிலிருந்து அடைக்கிறது. சின்னம் இறங்கும்போது தண்டின் அடிமுனை கீழே இருக்கும் வடிகுழாயின் மூடியைத் தள்ளித் திறக்கிறது. உரிமைக்கோரலைப் புதிதாக எழுதியிருந்தார்கள். 'முன்பகுதி' என்ற சொல்லை அடித்துவிட்டு 'பானெட்' என்று போட்டிருந்தார்கள். இந்த முறை காணொளி எதுவும் எடுக்கவில்லை. பி60ஆர் 13/005இல் இதுவரை நாற்பது படங்களைப் பார்த்திருக்கிறார்கள், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வடிகுழாய் எப்படிப் போகிறது என்ற நுணுக்கத்தை நான் இங்கே எழுதாமல் விட்டது ஏன் என்று இந்நேரம் உங்களுக்குப் புரிந்திருக்கும். மேலே சொன்ன அளவுக்கும் அவர்களிடம் அனுமதி கேட்டு, விண்ணப்பத்தை அனுப்பிய பிறகே எழுதுகிறேன்.