முகட்டை மட்டும் நம்பாதீர்கள்: நியூட்ரான் சோதனைக்கு வரும் இளையோருக்கு

1. படிகத்தைக் கையில் எடுக்கும்போதே அதில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று பாருங்கள். சீரியம், ரோடியம், இண்டியம் 1:1:5 என்று சேர்ந்த உலோகம் 3.8 கெல்வினுக்குக் கீழே சுருள் வடிவக் காந்த ஒழுங்குக்கு மாறுகிறது. அழகான பொருள். ஆனால் இண்டியமும் ரோடியமும் நியூட்ரானை விழுங்குபவை. பெரிய படிகம் வைத்தால் சிதறல் முகடு உயரும் என்று நினைப்பீர்கள், தேய்ந்துதான் போகும். மெல்லிய தகடாக அறுத்து வையுங்கள். உட்கவர்தல் திருத்தத்தை அந்தத் தகட்டின் நிஜ அளவுகளை வைத்தே செய்யுங்கள்.

2. காந்த ஒழுங்கு தொடங்கும் நீல் வெப்பநிலைக்குக் கீழே எடுத்த ஸ்கேனை, எதையும் அசைக்காமல், அதற்கு மேலேயும் எடுங்கள். கற்றையில் கலந்து வரும் பாதி அலைநீள நியூட்ரான்கள், காந்த முகடு வரவேண்டிய இடத்தில் அணுக்கரு முகட்டைக் கொண்டுவந்து வைத்துவிடும். கிராஃபைட் வடிகட்டி போட்ட பிறகும் இந்தச் சோதனையை விடாதீர்கள்.

3. முகட்டின் செறிவு, காந்தத் திருப்புத்திறனின் வர்க்கத்தைப் பொறுத்தது. இதன் விளைவை யுரேனியம்-ருத்தேனியம்-சிலிக்கான் சேர்மத்தில் பாருங்கள். 17.5 கெல்வினில் அதன் வெப்ப ஏற்புத்திறன் பெரிதாகத் துள்ளுகிறது. 1987இல் நியூட்ரான் காட்டியதோ வெறும் 0.03 போர் மேக்னெட்டான். இத்தனை சிறிய காந்தம் அத்தனை பெரிய துள்ளலை எப்படித் தரும் என்று ஆண்டுக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அழுத்தம் கொடுத்தால் சுமார் 0.4 போர் மேக்னெட்டான் வரை போகும் காந்த நிலை ஒன்று அதில் உண்டு. படிகத்தின் அரை சதவீதம் மட்டும் அந்த நிலையில் இருந்தாலே அதே உயர முகடு வந்துவிடும்! படிகம் முழுக்க மெலிந்த காந்தமா, மூலையில் மட்டும் வலுத்த காந்தமா என்பதை முகட்டின் உயரம் சொல்லாது. என்.எம்.ஆர். அல்லது மியூவான் அளவீட்டையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

4. சிதறல் திசையனுக்குச் செங்குத்தான காந்தக் கூறு மட்டுமே நியூட்ரானுக்குத் தெரியும். ஆகவே முகடு வராததும் காந்தத்தின் திசையைச் சொல்லும்; வராத முகட்டையும் குறித்து வையுங்கள்.

5. ஒரே அலைத் திசையன் பல டொமைன்களாகப் பிரிந்து நிற்பதும், பல திசையன்கள் ஒரே இடத்தில் கூடியிருப்பதும் ஒரே முகடுகளைத் தரலாம். காந்தப்புலமோ ஒருதிசை அழுத்தமோ கொடுத்துப் பார்க்காமல் தீர்ப்பு எழுத வேண்டாம்.

6. ஃபுல்ப்ராஃப் மென்பொருளில் ஒரு காந்தக் கட்டமைப்பு மாதிரி பொருந்திவிட்டால் வேலை முடிந்ததாகாது. சமச்சீர் அனுமதிக்கும் எல்லா மாதிரிகளையும் ஓட்டுங்கள். தோற்றுப்போன மாதிரிகளின் எண்களையும், செறிவு பூஜ்யமாக வந்த முகடுகளையும் கட்டுரையோடு அட்டவணையாகக் கொடுங்கள். பின்னால் வருகிறவர் உங்கள் படிகம் இல்லாமலே உங்கள் முடிவைச் சரிபார்க்க அந்த அட்டவணை வேண்டும்.