பழம் புற்றரைகளில் மெழுகுக் காளான்கள்
கண்டறியும் விதமும் பதிவு செய்யும் முறையும்

பிரிட்டன் தேசத்தில் ஆடுமாடுகள் நெடுங்காலமாக மேய்ந்துவரும் புற்றரைகளில், செப்டம்பர் முதல் நவம்பர் வரையில், சிவப்பு, மஞ்சள், வெள்ளை, பச்சை முதலிய நிறங்களில் சிறு காளான்கள் முளைப்பதுண்டு. தொடுவதற்கு மெழுகு பூசினாற்போல் இருப்பதால் அந்நாட்டார் இவற்றை மெழுகுக்குடை என்பர். ஹைக்ரோசைபி என்பது இவற்றுள் பலவற்றிற்குரிய சாஸ்திரப் பெயராகும். ஐம்பதுக்கு மேற்பட்ட வகைகள் அங்கு உள.

இவை காட்டுவது யாது?

உழாததும், செயற்கை உரம் இடாததும், புல் குட்டையாக மேயப்பெற்றதுமான தரையிலேயே இவை செழிக்கும். தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுந்த உரங்கள் இட்டால் இவை குன்றி மறையும். ஒருமுறை உழுதுவிட்ட தரையில் இவை திரும்பப் பல பத்தாண்டுகள் செல்லும். ஆகவே, ஒரு தரையின் பூர்வ சரித்திரத்தை அறிய இவை நல்ல சாட்சிகளாம். 1930-களுக்கும் 1984-ம் வருஷத்திற்கும் இடையே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தாழ்நிலத்திலிருந்த இத்தகைய பழம் புற்றரைகளில் நூற்றுக்கு 97 பங்கு அழிந்துபோயிற்று. எஞ்சியவை எவை என்று அறியாமலே அவற்றையும் உழுதுவிடும் அபாயம் உளது. சாரமற்ற தரை என்று கருதி மரக்கன்று நடுவதாலும் அவை கெடும்.

அடையாளங்கள்

குடையின் அடிப்புறத்துத் தகடுகள் தடித்தும், ஒன்றுக்கொன்று விலகியும், மெழுகுபோன்றும் இருக்கும். குடையைக் காம்பு நீக்கிக் கண்ணாடித் துண்டின்மேல் ஓரிரவு கவிழ்த்துவைத்தால் வெண்ணிறத் தூள் படியும். தூள் இளஞ்சிவப்பாயின் அது வேறு இனம். சில வகைகளை எளிதில் அறியலாம்:

1. கருகும் மெழுகுக்குடை: கூம்பு வடிவினது, கசக்கினாலும் முதிர்ந்தாலும் கறுத்துப்போகும்.

2. கிளி மெழுகுக்குடை: இளமையில் பச்சையாகவும் வழவழப்பாகவும் இருக்கும். பின்னர் மஞ்சளாக மாறினும் காம்பின் உச்சியில் பச்சை தங்கியிருக்கும்.

3. இளஞ்சிவப்பு மெழுகுக்குடை: முனை கூரியது, விரியும்போது விளிம்பு கிழியும்.

4. வெண்ணிற வகைகள் இரண்டு: பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பினும், ஒன்றில் தேவதாரு மரத்தின் வாசனை வீசும், மற்றதில் வீசாது.

ஆகையால் நிறம் ஒன்றையே நம்பலாகாது. வாசனை, வழவழப்பு, காம்பின் தன்மை ஆகியவற்றை வயலிலேயே குறித்தல் வேண்டும். வீடு சேருமுன் இவை மாறிவிடும். ஐயமுள்ளவற்றை மைக்ராஸ்கோப் வைத்திருக்கும் நிபுணரிடம் காட்டுதல் வேண்டும். உண்ணும் பொருட்டு இவற்றைப் பறித்தல் கூடாது.

பதிவு செய்தல்

ஒவ்வொரு பதிவிலும் காளானின் பெயர், கண்ட தேதி, சர்வே படத்தில் இடம், கண்டவர் பெயர் ஆகிய நான்கும் அவசியம். மேய்ச்சல், புல் உயரம், உரமிட்ட விவரம் ஆகியவற்றையும் சேர்த்தல் நலம். ஒரு வருஷம் தோன்றிய வகை மறுவருஷம் தோன்றாமலிருக்கலாம்; எனவே பருவந்தோறும் பலமுறை, பல வருஷங்கள் சென்று பார்த்தல் வேண்டும். ஒரே நாளில் ஒன்றும் காணாமையால் தரை பயனற்றது என முடிவு கட்டலாகாது.

டென்மார்க்கைச் சேர்ந்த ரால்ட் என்பார் 1985-ம் வருஷத்தில் இவ்வகைகளின் எண்ணிக்கையைக் கொண்டே தரையை மதிப்பிடும் முறையை வகுத்தார். அதன்படி 17 வகைகளும் அதற்கு மேலும் காணப்படும் தரை தேசிய முக்கியத்துவம் உடையது; 9 முதல் 16 வரை பிரதேச அளவிலும், 4 முதல் 8 வரை உள்ளூர் அளவிலும் முக்கியமானது.

பதிவின் பயன்

வேல்ஸில் கார்டிஃப் நகரின் வடபால் உள்ள லானிஷென், லிஸ்வேன் என்னும் நீர்த்தேக்கங்களின் கரைகள் 19-ம் நூற்றாண்டில் எழுப்பப்பட்டவை. அவற்றின் புல்லில் காணப்பட்ட காளான்களின் பொருட்டே அக்கரைகள் சட்டப்பாதுகாப்புப் பெற்றன. அறிந்தோர் எழுதிவைத்த பட்டியல் இல்லையேல் அக்கரைகள் வெறும் மண்மேடென்றே எண்ணப்பட்டிருக்கும்.

நிலச்சொந்தக்காரர் செய்யத்தக்கது எளிது. இலையுதிர் காலத்திற்குள் புல் குட்டையாகும்படி மேய்த்தல், அறுத்த புல்லை அகற்றுதல், உரமும் உழவும் தவிர்த்தல் ஆகிய மூன்றுமே போதும். உழுமுன் ஒரு பருவம் தரையைச் சுற்றிப் பார்த்துப் பட்டியல் எழுதுவதில் செலவு யாதும் இல்லை. உழுதபின் வரும் நஷ்டத்தையோ ஒரு தலைமுறையில் ஈடு செய்ய இயலாது.