மூக்குக்கண்ணாடியும் ஹெட்போனும்

சென்ற கூட்டத்தில் நம் சங்க உறுப்பினர்களுள் கண்ணாடி அணிந்தோர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தேன். பாதிக்கு மேல் எனலாம். அவர்களுள் பலர் விடுதி அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டே படிக்கின்றனர். பக்கத்து அறையில் கிரிக்கெட் ஆரவாரம்; தெருவில் கல்யாண ஊர்வலத்தின் பேண்டு முழக்கம். டில்லியில் இவற்றுக்கிடையே என்.பி.டி.இ.எல். பாடத்தைக் கேட்க வேண்டுமானால் வேறு வழி ஏது?

முதலாண்டில் நானும் செங்கோட்டைக்கு எதிரே உள்ள லஜபத் ராய் மார்க்கெட்டில் ஒன்று வாங்கினேன். கடையில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் போட்டுப் பார்த்தேன், பூப்போல இருந்தது. அறையில் கண்ணாடியோடு மாட்டினேன். அரை மணியில் நெற்றிப்பொட்டில் வலி. நாள்தோறும் இவ்வாறே நடக்கவே, கண்ணாடியின் பவர் கூடிவிட்டதோ என்று அஞ்சிக் கண் மருத்துவரிடம் ஓடினேன். பவர் மாறவில்லை. பிழை கண்ணிலும் இல்லை, கடையிலும் இல்லை. கண்ணாடியைக் கழற்றிச் சோதித்த என்னிடமே இருந்தது. அந்தப் பிழையை நண்பர்கள் செய்யாதிருக்கவே இக்கட்டுரை.

வலி ஏன் வருகிறது? காதுக்கு மேலே தோல் மெல்லியது, அதற்கடியில் எலும்பு. இடையே கண்ணாடியின் பக்கக் கம்பி கிடக்கிறது. ஹெட்போனின் இறுக்கம் முழுவதும் அந்தக் கம்பியின் வழியாக ஒரே கோட்டில் இறங்குகிறது. வெளியிலிருந்து தலையை அழுத்தும் பொருள்களால் வரும் தலைவலியை மருத்துவர்கள் தனி வகையாகவே கணக்கிடுகின்றனர். அழுத்தத்தால் ஒரு மணி நேரத்திற்குள் தோன்றி, அழுத்தம் நீங்கிய ஒரு மணி நேரத்திற்குள் மறைவது அதன் இயல்பு.

வலியோடு முடிந்தால் பாதகமில்லை. மற்றொரு தீங்கு மறைவாக நடக்கிறது. காதை மூடும் ஹெட்போனில் மெத்தைக்கும் காதுக்கும் நடுவே சிறிதளவு காற்று அடைபட்டிருக்கும். தாழ்ந்த சுருதி ஒலிகள் நன்கு கேட்பதற்கு அந்த அடைப்பே காரணம். பக்கக் கம்பி மெத்தையைத் தூக்கிவிட்டால் சிறு இடைவெளி உண்டாகிறது. அதன் வழியே மிருதங்கத்தின் தொப்பி ஒலி வெளியேறும். ஊர்வலத்தின் முழக்கம் உள்ளே வரும். நாம் என்ன செய்கிறோம்? ஒலியைக் கூட்டுகிறோம். அங்கேதான் கேடு தொடங்குகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட நெறிமுறையின்படி, 80 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்கலாம். மூன்று டெசிபல் கூடுந்தோறும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 90 டெசிபல் என்றால் வாரத்திற்கு ஏறத்தாழ 4 மணி நேரமே. தேர்வுக் காலத்தில் நம்மில் பலர் அதை ஒரே நாளில் கடந்துவிடுவோம் அன்றோ?

ஆகவே, எவ்வகை நமக்கு ஏற்றது என்று பார்ப்போம்.

காதின்மேலே அமரும் சிறு ஹெட்போன் விலை குறைவு. ஆனால் அது காதுமடலைக் கம்பியோடு சேர்த்து அழுத்தும். கண்ணாடி அணிந்தோர் தவிர்ப்பதே நன்று. காது முழுவதையும் உள்ளடக்கும் பெரிய ஹெட்போன் மேலானது. மெத்தை மென்மையாக இருந்தால் கம்பி அதில் புதைந்துவிடும். காதினுள் செருகும் இயர்போன் கம்பியைத் தொடுவதே இல்லை. கையில் காசு குறைவென்றால் அதுவே எளிய தீர்வு. மூன்று அளவு ரப்பர் முனைகள் கொடுத்திருப்பார்கள்; பொருந்துவதைத் தேர்ந்துகொள்ள வேண்டும். சிலருக்குக் காதுத்துளை நோகும். அவர்களுக்குப் பெரிய ஹெட்போனே துணை.

பெரியதை வாங்கும்போது நான்கு சோதனைகள் செய்க.

முதலாவது, நாள்தோறும் அணியும் அதே கண்ணாடியுடன் மாட்டுக. கால் மணி நேரமேனும் கழற்றாதீர். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். முடியுமாயின் நண்பரின் ஹெட்போனை ஒரு மணி நேரம் இரவல் வாங்கிப் பார்த்தபின் அதே வகையை வாங்குக.

இரண்டாவது, மெத்தையை விரலால் அமுக்குக. மெல்ல அமுங்கி மெல்ல எழும் மெமரி ஃபோம் நல்லது. மேலுறை ரெக்ஸினாக இருந்தால் அடைப்பு நன்றாயிருக்கும். டில்லி வெயிலில் வியர்க்கும். துணியுறை குளிர்ச்சி, ஆனால் ஒலி சற்றுக் கசியும்.

மூன்றாவது, பழகிய பாட்டு ஒன்றைக் கேளுங்கள். கேட்டுக்கொண்டே கண்ணாடியை ஒருமுறை கழற்றி, மீண்டும் அணிக. தாழ்ந்த ஒலி பெரிதும் மாறினால் அந்த ஹெட்போன் உங்களுக்கு ஆகாது.

நான்காவது, மெத்தையைக் கழற்றி மாற்ற இயலுமா என்று கேளுங்கள். முதலில் தேய்வது அதுவே. மாற்ற முடிந்தால் புது மெத்தைக்கு மட்டும் செலவழித்துப் பழையதைப் புதிதாக்கலாம்.

விலையைப் பற்றி ஒரு சொல். ஆயிரம் ரூபாய்க்கு உள்ளேயே வயர் உள்ள பெரிய ஹெட்போன் கிடைக்கிறது. புளூடூத், பேட்டரி ஆகியவற்றுக்குக் கொடுக்கும் பணம் மெத்தையை மென்மையாக்குவதில்லை. வெளிச்சத்தத்தை அடக்கும் உயர்ந்த வகையும் இடைவெளி விழுந்தால் தன் வேலையை முழுமையாகச் செய்யாது.

முன்பே வாங்கிவிட்டவர்கள் வருந்த வேண்டா. தலைப்பட்டை உலோகமாயின், தலையின் அகலத்திற்குச் சற்றே மிகுந்த புத்தக அடுக்கில் இரவு முழுதும் மாட்டி வைத்தால் இறுக்கம் தளரும். வெறும் பிளாஸ்டிக்கை இவ்வாறு செய்தால் உடைந்துபோகலாம். அடுத்த முறை கண்ணாடி மாற்றும்போது பக்கக் கம்பி மெலிந்த பிரேமைக் கேளுங்கள். கைப்பேசியில் ஒலியளவை 60 விழுக்காட்டிற்குக் கீழே வைப்பதும், மணிக்கொருமுறை கழற்றி எழுந்து நடப்பதும் செலவில்லாத மருந்து.

கண் மங்கினால் கண்ணாடி போட்டுத் தெளிவாகப் பார்க்கிறோம். செவியினுள் உள்ள மெல்லிய மயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. ஆதலின், கண்ணைக் காத்த நாம் காதையும் காப்போம்.

என் அறையில் இருவகை ஹெட்போன்கள் உள்ளன. வாங்க எண்ணும் நண்பர்கள் ஞாயிறு மாலை வரலாம். கண்ணாடியைக் கழற்றாமல் வாருங்கள்!