உயில் சாசனமும் கிணற்றுப் பாத்தியமும்

விதைக்கும் எருவுக்கும் தவறாது கணக்கு வைக்கும் குடியானவர்களிற் பலர், தமக்குப் பின் நிலம் எவ்வாறு நடக்க வேண்டுமென்பதை மாத்திரம் எழுதிவையாது விட்டுவிடுகின்றனர். உயில் இல்லாவிடில் சொத்து அழிந்துபோவதில்லை; சட்டமே பங்கை நிர்ணயிக்கின்றது. ஆனால் வாரிசுச் சட்டம் பங்கின் அளவைச் சொல்லுமேயன்றி, கிணறு எந்த மூலையிலுள்ளதென்பதைப் பாராது.

ஓர் உதாரணத்தால் இதை விளக்குவோம். ஹிந்து குடியானவர் ஒருவர் தாம் சுயமாய்ச் சம்பாதித்த ஆறு ஏக்கர் தோட்டத்தை உயிலின்றி விட்டு இறந்தாரென வைத்துக்கொள்வோம். மனைவியும், இரண்டு குமாரரும், ஒரு குமாரத்தியும் உளர். தாயார் முன்னரே காலமானவர். 1956-ம் வருஷத்து ஹிந்து வாரிசுரிமைச் சட்டப்படி நால்வருக்கும் சமபாகம். தலைக்கு ஒன்றரை ஏக்கர். கிணறோ ஒன்று; மோட்டாரும் ஒன்று; வண்டிப்பாதையும் ஒன்று. இவை ஒருவர் பங்கில் விழுந்து, மற்றவர்க்கு ஏற்பாடொன்றும் இல்லையேல், எஞ்சிய நிலம் மானாவாரியாகும், அன்றேல் வழக்காகும். வழக்குத் தீருமளவும் கிணற்றைத் தூர் வாருவார் எவருமிரார்.

ஆகையால் உயிலில் அடியிற்கண்ட விவரங்கள் தெளிவாயிருத்தல் அவசியம்:

1. நிலம்: சர்வே நம்பர், உட்பிரிவு, பரப்பு, நான்கெல்லை. "வடக்குத் தோட்டம்" என்று மாத்திரம் எழுதுதல் போதாது.

2. நீர்: கிணற்றில் எவருக்கு எத்தனை பாகம், இறைப்பு முறை எவ்வாறு, மின் இணைப்பு எவர் பெயருக்கு மாறவேண்டும், பழுதுச் செலவு எவர் பொறுப்பு, வாய்க்கால் எவ்வழியே செல்லும் என்பவை.

3. பாதை: வண்டியும் இயந்திரமும் செல்லும் வழி, அதன் அகலம்.

4. கடன்: அடமானமுள்ள நிலம் அக்கடனோடேயே அடுத்தவரை அடையும், அதைத் தீர்க்க வேண்டியவர் எவரென்பது.

பிதுரார்ஜிதச் சொத்தில் தம் பாகத்தை மாத்திரமே ஒருவர் உயிலால் கொடுக்கலாம். 2005-ம் வருஷத்துத் திருத்தத்தின்படி அச்சொத்தில் குமாரத்திக்கும் குமாரனைப்போலவே பிறப்புரிமை உண்டு. அவள் பாகத்தைத் தகப்பனார் பிறருக்கு எழுத இயலாது. முகம்மதியர், வாரிசுகளின் சம்மதமின்றி, ஈமச் செலவும் கடனும் போக எஞ்சியதில் மூன்றிலொரு பாகத்துக்கு மேல் உயில் எழுதலாகாது.

1925-ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம் உயிலுக்கு இரண்டு சாட்சிகளேனும் வேண்டுமென விதிக்கின்றது. எழுதுபவர் கையொப்பமிடுவதை அவர்கள் கண்டோ, இட்டதாக அவரே ஒப்புக்கொள்ளக் கேட்டோ, அவர் முன்னிலையில் தாமும் கையொப்பமிட வேண்டும். சொத்துப் பெறுபவரைச் சாட்சியாக வையாதிருத்தலும், வயதில் இளையவரைச் சாட்சியாகத் தெரிந்தெடுத்தலும் விவேகம். முத்திரைக் காகிதம் வேண்டுவதில்லை, பதிவும் கட்டாயமன்று. எனினும் பதிவு செய்தால் பிற்காலத்துச் சந்தேகம் குறையும். ஆயுளுள்ளவரை உயிலை மாற்றலாம். தான செட்டில்மெண்டோ உடனே பாத்தியத்தைக் கொடுத்துவிடும். இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணலாகாது.

வீட்டில் மைனர் குழந்தையேனும், தன் காரியத்தைத் தானே நடத்த இயலாத பிள்ளையேனும் இருப்பின், உயிலிலேயே டிரஸ்டு ஏற்படுத்தலாம். டிரஸ்டி நிலத்தை நிர்வகித்து, வருமானத்தை அப்பிள்ளையின் உணவு, கல்வி, வைத்தியம் ஆகியவற்றுக்கே செலவிட்டுக் கணக்கு வைக்கக் கடமைப்பட்டவர். அவருக்குப் பின் வருபவரையும் குறிப்பிட்டு வைத்தல் நலம். ஜீவித காலத்திலேயே நிலத்தை டிரஸ்டாக்க விரும்பினால், 1882-ம் வருஷத்து டிரஸ்டுச் சட்டப்படி அந்தப் பத்திரம் பதிவாகவேண்டும்.

கிராம நிர்வாக அலுவலர்களும் ஜனங்களுக்கு ஒன்றை எடுத்துச் சொல்லுதல் நன்று. வாரிசுச் சான்றிதழ் வாரிசுகள் இன்னாரென்று காட்டுமேயன்றி, நிலத்தைப் பங்கிட்டுக் கொடாது. அறுவடை முடிந்து கடன் கணக்குப் பார்க்கும் நாளில், குடும்பத்தாரோடு கலந்து, வக்கீலொருவரைக் கொண்டு உயில் எழுதிவைப்பவர் கிணறும் பாதையும் தகராறின்றிப் பயன்படுமாறு செய்தவராவர்.